எழும்பக் கூடாது, கதைக்கக் கூடாது

கதிர்காமநாதன் தமது நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் இரண்டே இரண்டு சபதங்கள் எடுத்தவர். ஒன்று, இனி எந்தக் கலியாணப் பேச்சிலும் வாய் திறப்பதில்லை. மற்றது, ஐம்பது வயதாகுமுன் ஒரு சிங்கத்தை அதன் சொந்த வீட்டில் போய்ப் பார்ப்பது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவர் நம்பினார். நம்பியதில் தவறில்லை. மனைவி சந்திரவதனாவைக் கேளாமல் நம்பியதுதான் தவறு.

முதற் சபதத்தின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது கோயிலில். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வருவார்கள். தேர்முட்டியடியில் தற்செயலாகச் சந்திப்பார்கள். "அட, நீங்களோ!" என்று இரண்டு பக்கமும் வாயைப் பிளக்கும். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாகாது. எல்லோரும் சாமி கும்பிடத்தானே வந்தார்கள்!

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தில் அவுஸ்திரேலியாவில் இதற்குத் தோதான கோயில் எங்கே இருந்தது? ஆகவே சந்திரவதனா தன் தம்பி இந்திரகுமாரை மெல்பேணிலிருந்து கூட்டிக்கொண்டுபோய், சிட்னித் தாவரவியல் பூங்காவில் ஒரு குடும்பத்தைத் தற்செயலாகச் சந்தித்தாள். இந்திரகுமாருக்கு முப்பத்திரண்டு வயது, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நல்ல வேலை, அக்கா வீட்டில் ஓர் அறை. அந்த வருடத்து நாகரிகப்படி உயர்ந்த குதி வைத்த சப்பாத்தும் போட்டிருந்தான்.

"தம்பி நல்ல உயரம் போல?" என்றாள் பெண்ணின் தாய், மகிழ்ச்சியோடு.

எல்லோரும் சிரித்தார்கள். கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. அவர் மெல்பேண் புறநகரான டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் வரைபவர். அங்குலத்தில் பதினாறிலொரு பங்கு பிழைத்தாலும் அவருக்கு இரவில் தூக்கம் வராது.

"சப்பாத்தோட ஐஞ்சடி ஏழங்குலம்," என்றார். "கழட்டினால் ஐஞ்சடி நாலேகால். மிச்சம் இரண்டே முக்கால் அங்குலமும் குதி."

பெண் வீட்டாருக்குத் திடீரென்று பூங்காவின் மறுகோடியில் இருந்த பூக்களின் ஞாபகம் வந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் சந்திரவதனா வாய் திறக்கவில்லை. அல்பரி ஊர் வந்ததும், அந்த மௌனத்தின் பாரம் தாங்காமல் கதிர்காமநாதன் சபதம் எடுத்தார்.

"இனி ஒரு கலியாணப் பேச்சிலயும் நான் வாய் திறக்கிறேல்லை. இது சத்தியம்."

"நல்லது," என்றாள் அவள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. முதல் வாரமே ஒரு சிங்கம் வந்தது. கறுப்பு வெள்ளையில் கழுதைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இருந்ததில்லை. இப்போதோ தங்கத் தகடு.

"சந்திரா, இஞ்சை வாரும்! இந்த நிறத்தைப் பாரும்!"

குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கட கதிரை உறை மாதிரிக் கிடக்கு."

"இதை நேரில பாக்க வேணும். ஆபிரிக்காவுக்குப் போறம்."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்து ஏழு நியாயங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

"ஓம், போவம்," என்றாள்.

ஏழு நியாயங்களும் வீணாகக் கூடாதே என்று அவற்றையும் சொல்லி முடித்தார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை கதிர்காமநாதனின் காரியாலயமானது. கோப்பு திறந்தார். வரைபடத்தில் ஊசி குத்தினார். கடைசியில் இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று கென்யாவில். மற்றது சாம்பியாவில், லுவாங்வா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் ஆற்றங்கரை முகாம் ஒன்று. இரண்டு முகாம்களின் சிற்றேடுகளையும் அருகருகே வைத்துத் தாடையைச் சொறிந்தார்.

சந்திரவதனா தேநீரை வைத்தாள். "ஏனப்பா, ரெண்டிலயும் எங்க கட்டுப்பாடு கூட?"

பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் இவ்வளவு அழகான கேள்வியை அவள் கேட்டதில்லை. கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் திரும்பப் படித்தார். கென்யாக்காரர் வண்டிக் கூரையைத் திறந்துவிடுகிறார்கள். எழும்பி நின்று பார்க்கலாம். சாம்பியா முகாமோ கண்டிப்பானது. வண்டியில் எழும்பக் கூடாது. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. விலங்குக்கு அருகே கதைக்கக் கூடாது.

"இதுதான் ஒழுங்கான இடம்!" என்று சாம்பியாவைத் தட்டினார்.

"அங்க துவக்குத் தூக்கின காவல்காரனோட நடந்தும் போகலாமாமே?"

"நடக்கிறதோ? சிங்கத்துக்கு முன்னாலயோ? விசரோ உமக்கு?"

"சும்மா கேட்டனான். அப்ப வண்டிதான். உங்கட விருப்பம்."

திகதியும் அவர் விருப்பம்தான். ஓகஸ்ட் முதல் வாரம் என்றார். அவள், இரண்டாம் வாரத்தில் புல் இன்னும் காய்ந்திருக்குமே, சிங்கம் வடிவாகத் தெரியுமே என்றாள். இந்த நுட்பம் தமக்குத் தோன்றாமற் போனதே என்று ஆச்சரியப்பட்டு, தமக்கே தோன்றியதாகக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

"இந்திரனைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை," என்றாள் ஒருநாள். "நாங்கள் ரெண்டு பேரும் போதும்."

"கமராப் பெட்டியை ஆர் தூக்கிறது?"

"நான் தூக்கிறன்." தூக்கினாள். உடனே இறக்கினாள். "ஐயோ, என்ர இடுப்பு!"

"இந்திரனும் வாறான்," என்று கதிர்காமநாதன் தீர்ப்பளித்தார். "இதில மறுபேச்சு வேண்டாம்."

அவர் அப்பால் போனதும் அவள் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி மூலையில் வைத்தாள்.

வண்டியில் ஆறு பேர் இருக்கலாம். மற்றொரு குழுவோடு பகிரச் சம்மதமா என்று முகாம் கேட்டிருந்தது. "ஆரேனும் வெள்ளைக்காரர் வருவினம். வரட்டும்," என்று கையெழுத்துப் போட்டார். கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட அவளே போனாள். ஒரு கடிதத்தோடு போனாள் என்றுதான் அவர் எண்ணினார்.

பிறகு ஒத்திகை. விதிகளைத் தாமே ரைப் அடித்துக் குசினிக் கதவில் ஒட்டினார். கூடத்தில் ஆறு கதிரைகளை இரண்டிரண்டாகப் போட்டார். பாரம் சமமாக இருப்பதற்காகத் தமக்குக் கடைசி வரிசை என்று வரைந்து வைத்திருந்தார். தூசு உறிஞ்சும் இயந்திரத்தை முடுக்கி முன்னால் விட்டார். அதுதான் சிங்கம்.

இந்திரகுமார் கொட்டாவி விட்டு எழும்பினான்.

"எழும்பினீர்! செத்தீர்!"

"தேத்தண்ணி போடப் போறன், அத்தான்."

"கதைச்சீர்! ரெண்டாந்தரமும் செத்தீர்!"

"கூடக் கதைக்கிறது நீங்கள்தானப்பா," என்றாள் சந்திரவதனா.

நேர்மையான மனிதர். ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அரை மணித்தியாலம் வாய் மூடிப் பழகினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படியொரு நல்ல மாதத்தைத் தான் கண்டதில்லை என்று அவள் அயலாருக்குச் சொன்னாளாம்.

புறப்படும் நாளில் இந்திரகுமார் புதிதாகத் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தான். வாசனைத் தைலம் கமகமவென்றது.

"சிங்கம் மோப்பம் பிடிக்கும், தெரியுமோ?" என்று அதட்டினார். தமது பட்டியலின்படி அவன் குதி இல்லாத கன்வஸ் சப்பாத்துப் போட்டிருந்ததில் மட்டும் அவருக்குத் திருப்தி.

மூன்று விமானம் மாறி, நான்காவதாக ஒரு தும்பி அளவு விமானத்தில் ஏறி, செம்மண் தரையில் இறங்கினார்கள். முகாமின் லாண்ட் றோவர் காத்து நின்றது. போகும் வழியிலேயே விலங்குகளைப் பார்க்கலாம் என்றார் வழிகாட்டி. வண்டியில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள்.

வெள்ளைக்காரர் அல்லர். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான், அகலமான தொப்பியோடு. காட்டின் நடுவில் கலியாணக் கூறைக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு சேலையில் ஒரு பெருமாட்டி. முன் வரிசையில் குனிந்த தலையோடு ஓர் இளம்பெண்.

"அட, நீங்களோ!" என்றாள் பெருமாட்டி.

"அட, நீங்களோ!" என்றாள் சந்திரவதனா.

இந்திரகுமார் ஏறி, முன் வரிசையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு இடம் காட்ட ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. வண்டி புறப்பட்டது.

"இவை ஆர்?" என்று பின் வரிசையில் மனைவியின் காதைக் கடித்தார்.

"வரதராஜா மாஸ்டர். இந்த நாட்டுத் தலைநகர் லுசாக்காவில கணக்குப் படிப்பிக்கிறார். அது பவளமக்கா. அது மகள் வைதேகி. இப்ப அங்க பள்ளிக்கூட விடுமுறை. என்ன அதிசயம் பாருங்கோ, இஞ்ச வந்து சந்திக்கிறம்!"

"நான் சபதம் எடுத்தனான்!"

"வாய் திறக்கிறேல்லை எண்டுதானே எடுத்தனீங்கள்? இப்ப ஆர் உங்களைத் திறக்கச் சொன்னது?"

"அதுக்குச் சிங்கமோ? ஒரு கோயிலைப் பார்த்திருக்கலாமே!"

"கோயிலில எழும்பி நிக்க வேணும்," என்றாள் சந்திரவதனா அமைதியாக.

கதிர்காமநாதன் எதிரே பார்த்தார். முன்னால் இருந்தவர்களின் கதிரை முதுகில் அவருடைய விதித்தாள் ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டினாளோ! எழும்பக் கூடாது. இறங்கக் கூடாது. கதைக்கக் கூடாது. அத்தனையும் அவருடைய ரைப்; ஓர் எழுத்துப் பிழை இல்லை. குதி வைத்த சப்பாத்தே தேவைப்படாத ஒரு பெண் பார்க்கும் இடத்தை, உலகப் படத்தில் ஊசி குத்தித் தேடிக் கொடுத்தவர் அவர்.

வண்டி நின்றது. வழிகாட்டி கையைத் தூக்கினார்.

சிங்கம்.

முன் வரிசையில் இருவரும் ஒரே பக்கம் குனிந்தார்கள். "ஆ" என்றது ஒரு மெல்லிய குரல். கதிர்காமநாதனுக்குத் தெரிந்தது மாஸ்டரின் தொப்பி. வலப் பக்கம் சாய்ந்தார், தொப்பியும் சாய்ந்தது. இடப் பக்கம் சாய்ந்தபோது பவளம் திரும்பி அவரிடம் கிசுகிசுத்தாள்.

"தம்பி நல்ல உயரம் போல?"

கதிர்காமநாதனின் வாய் தானாகவே திறந்தது. ஐந்தடி நாலேகால் என்ற உண்மை நாக்கின் நுனியில் வந்து நின்றது. வழிகாட்டி திரும்பி உதட்டில் விரல் வைத்தார். சந்திரவதனா விதித்தாளின் மூன்றாம் வரியில் விரல் வைத்தாள். ஒரு மாதப் பயிற்சி வீண் போகவில்லை. வாய் மூடியது.

இப்போது மாஸ்டரும் திரும்பிக் கிசுகிசுத்தார். "பிள்ளையள் ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்குப் போல. வீட்டுக்குப் பெரியவர் நீங்கள். உங்களுக்கும் சம்மதந்தானே?"

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ கதிர்காமநாதனின் பிடரியில் கடித்தது. அந்தப் பள்ளத்தாக்கு ஈக்களுக்குச் சட்டையும் ஒன்று, தோலும் ஒன்று. அடிக்கப் போனால் சத்தம் வரும். எழும்பவும் கூடாது. மனிதர் என்னதான் செய்வார்? தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.

நம்மவர்கள் சம்மதம் சொல்வதும் அதே ஆட்டந்தான்.

"பெரிய சந்தோஷம்!" என்று மாஸ்டர் கண் கலங்கினார். தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தொப்பி விலகிய இடைவெளியில் கதிர்காமநாதன் ஆவலோடு பார்த்தார். சிங்கம் எழுந்து புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. வாலின் கடைசி முழம் மட்டும் வெளியே மிச்சமிருந்தது; அதை அவசரமாகப் படம் பிடித்தார்.

முகாமில் எல்லோரும் இறங்கினார்கள். வைதேகியும் இறங்கி நிமிர்ந்து நின்றாள். கதிர்காமநாதனின் கண் பழக்கதோஷத்தால் அளந்தது. ஐந்தடி ஏழங்குலம். இந்திரகுமாரைவிட இரண்டே முக்கால் அங்குலம் கூட. அவன் அண்ணாந்து பார்த்தான், அவள் குனிந்து பார்த்தாள், இருவரும் சிரித்தார்கள்.

"அவையும் எழும்பத் தேவையில்லாத இடந்தான் தேடினவை," என்றாள் சந்திரவதனா.

மிச்சம் மூன்று நாளும் நீர்யானைகளுக்கு முன்னால் கலியாணத் திகதி பேசினார்கள். சிங்கம் திரும்பி வரவில்லை.

இப்போது டண்டினொங் வீட்டுக் கூடத்தில் பெரிதாக்கிய ஒரு படம் தொங்குகிறது. லாண்ட் றோவரில் இந்திரகுமாரும் வைதேகியும் பக்கத்தில் பக்கத்தில், சரிசமமான உயரத்தில். இடது ஓரத்தில் கறுப்பு மையால் மிக நேர்த்தியாக வரைந்த ஓர் அம்புக்குறி. அதனடியில் "சிங்கம்" என்று எழுதியிருக்கிறது.

வருகிறவர்கள் எல்லோரும் அங்கே மூக்கை வைத்துப் பார்ப்பார்கள். "எங்கை அண்ணை சிங்கம்? இது காய்ஞ்ச கொப்பெல்லோ?"

கதிர்காமநாதன் விளக்குவதற்குத் தொண்டையைச் செருமுவார். அதற்குள் சந்திரவதனா தேநீர்த் தட்டோடு வந்துவிடுவாள்.

"அவரைக் கேளாதேங்கோ. கலியாண விஷயத்தில அவர் வாய் திறக்கிறேல்லை எண்டு சத்தியம்."