முறைக்குக் காத்திராத காட்டெருமை

ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று யாராவது மைக்கைப் பிடித்துப் பேசினால் எனக்கு இடுப்புவரை குளிரும். காரணம் ஊட்டிப் பக்கம் கேத்தியில் இருக்கும் ஒரு தண்ணீர்க் குழி. அதற்குள் நான் போய்ச் சேர்ந்த கதையைத் தேயிலை விலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இலை வரவில்லை, அப்பாவும் சித்தப்பாவும் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அப்பா சும்மா உட்காரவில்லை. கேத்தியில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து கேரட் போட்டார். சங்கு ஊதினால் எழுந்து பழகிய ஆளுக்கு விவசாயம் எங்கே வரப்போகிறது என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். கேரட் நன்றாக வந்தது. அதை ஒழுங்காக லாரியில் ஏற்றிவிட்டால் சிரித்தவர்கள் வாயை மூடுவார்கள், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அக்கவுண்ட்ஸ் படிக்க என்னைக் குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பியிருந்தார். நான் படித்தது வேறு. அங்கே ஒரு கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஒன்று இருந்தது. நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை நாமே சேர்த்து, குகை குகையாகப் போய் அரக்கர்களை ஒழிக்க வேண்டும். முன்னால் நின்று அடி வாங்க ஒரு முரடன், பின்னால் ஒரு மந்திரவாதி, காயத்துக்கு மருந்து போட ஒரு வைத்தியச்சி, வழி பார்க்க ஒரு ஒற்றன். எலிகளைக் கொன்றால் அனுபவம் ஏறும். ஏறிய அனுபவத்தைப் பலத்துக்கோ புத்திக்கோ நாம் பங்கு வைக்கலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஒன்றுக்கும் உதவாத ஆள்தான் கிடைப்பான் என்பதை நான் பலமுறை செத்துச் செத்துக் கற்றுக்கொண்டேன். (கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். பேலன்ஸ் ஷீட் இன்றுவரை எனக்குப் பொருந்தி வந்ததில்லை.) சண்டையில் ஒருவர் முறை முடிந்த பிறகே அடுத்தவர் கை ஓங்கலாம். அரக்கனும் அதுவரை நாகரிகமாக நிற்பான்.

அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்துத் தோட்டங்களில் காட்டெருமை ஒன்று மேய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து காரமடையில் ஒரு சாவு. அப்பா போகாமல் இருக்க முடியாது.

"ஞாயித்துக்கெழமை லாரி வருது கண்ணு" என்றார் அப்பா. "அதுவரைக்கும் பாத்துக்க. எருமை வந்துதுன்னா எல்லாருமா டின்னைத் தட்டிக் கத்துங்க, ஓடிரும்."

டின்னைத் தட்டுவதா! டிராகனையே கொன்றவன் நான். பஸ் ஏறும்வரை தலையை ஆட்டிவிட்டு, அவர் போனதும் குழுவைக் கூட்டினேன். மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கும் என் நண்பன் போஜன்தான் முன்வரிசை முரடன். சித்தப்பா மந்திரவாதி, தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய சரவெடி அவர் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் முதலுதவி படித்திருந்த தங்கை மாலதி பஞ்சும் டிஞ்சரும் வைத்திருக்கும் வைத்தியச்சி. நான் ஒற்றன். தலைவனும் நானே என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அனுபவம் ஏற்ற எலி கிடைக்கவில்லை. அதனால் பக்கத்துத் தோட்டத்து அக்காவின் ஆட்டை நால்வருமாக வளைத்துப் பயிற்சி எடுத்தோம். ஆடு வேலி தாண்டியது. அந்த அக்கா எங்களைத் திட்டிய திட்டை எழுதினால் இந்தக் கட்டுரையை யாரும் அச்சில் போடமாட்டார்கள். எங்கள் அனுபவம் ஏறிவிட்டதாக நான் அறிவித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆளை ஆள் தெரியாதபடி மஞ்சு இறங்கியது. சோலைக்காட்டை ஒட்டிய மேல்பக்கத்தில் போஜனை நிறுத்தி, அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மாலதி, கடைசியில் ரோட்டோரப் படல் கதவுக்குப் பக்கம் சித்தப்பா என்று அணிவகுத்தேன். முதலில் போஜன், அடுத்து நான், மூன்றாவது சித்தப்பா, கடைசியில் மாலதி என்று யார் முறை எப்போது என்பதை எல்லோரையும் ஒப்பிக்க வைத்தேன். காட்டெருமைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அது சோலைப் பக்கம் வராமல் ரோட்டோடு நடந்து வந்து, நான் சாத்த மறந்த படல் வழியாக விருந்தாளி மாதிரி உள்ளே நுழைந்தது. கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது.

கருங்கல்லில் செய்த லாரி மாதிரி இருந்தது. தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தது.

"பத்த வெக்கட்டுமாடா?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் சித்தப்பா, உங்க முறை மூணாவது."

சித்தப்பா அப்படியே நின்றார். ஃபேக்டரியில் சங்கு ஊதாமல் சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறக்காத மனிதர் அவர். மாலதி கீழே கிடந்த டின்னை எடுத்தாள். நான் தடுத்தேன். காயம்பட்டவர்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை, இன்னும் யாருக்கும் காயம் படவில்லை. முதல் முறைக்காரனான போஜன் தோட்டத்தின் மறுகோடியில், மஞ்சுக்குள் எங்கேயோ இருந்தான். நான் அவனைக் கூப்பிட்டேன். அவன் வழி தெரியாமல் கேரட் பாத்திகளை மிதித்துக்கொண்டு வந்தான். அதற்குள் எருமை ஒரு வரிசையை முடித்து அடுத்ததற்குப் போயிருந்தது.

ஒருவழியாக போஜன் கத்தினான். எருமை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்தது என் முறை, நான் ஒரு கல்லை விட்டெறிந்தேன், அது பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோஸில் போய் விழுந்தது. மூன்றாவதாகச் சித்தப்பா பெரிய சரத்தை எடுத்தார். அதையும் நான் தடுத்தேன். விளையாட்டில் நல்ல ஆயுதத்தைக் கடைசி அரக்கனுக்கென்று பத்திரப்படுத்துவது என் பழக்கம். (அப்படிப் பத்திரப்படுத்தியே பலமுறை செத்திருக்கிறேன்.) இதைவிடப் பெரிய எருமை பின்னால் வந்தால் என்ன செய்வது? சின்னதைப் பற்றவைக்கப் பார்த்தார், மஞ்சில் நமத்துப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் பெரியதையும் பற்றவைக்கப் பார்த்தார், அதுவும் நமத்துப் போயிருந்தது. நெருப்புக்குச்சி உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தம் பிடிக்காமலோ என்னவோ எருமை என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரே ஒரு அடி எடுத்து வைத்தது. நான் ஓடினேன். ஒற்றன் என்ற முறையில் வழி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் எடுக்கும் குழி இடுப்பளவுச் சேற்றோடு என்னை ஏந்திக்கொண்டது. முழங்காலில் அடி. உள்ளே இருந்தபடியே என் உயிர் போகிற குரலில் கத்தினேன்: "மாலதி, இப்ப உன்ற முறை!"

ஆட்டுக்கார அக்கா முதற்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அது கேட்டிருக்கிறது. மாலதி என் பக்கம் வரவே இல்லை. டின்னை எடுத்தாள், தட்டினாள், கத்தினாள். காட்டெருமை வந்த வழியே போய்விட்டது. டார்ச்சோடு ஓடி வந்தவர்கள் முதலில் கேரட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். பாதித் தோட்டம் போயிருந்தது. எருமை தின்றது கொஞ்சம்தான், நாங்கள் மிதித்ததுதான் அதிகம். லாரி அரை வண்டியோடு கிளம்பியதை ரோட்டில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. அதற்கு அடியே மேல் என்று இருந்தது எனக்கு. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் முழங்காலில் மாலதி போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், அவள் சொல்லிக் கேள்விப்பட்ட அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டார். முரடன், மந்திரவாதி, முறை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதுல எருமைக்கும் மொறை உண்டா?"

"உண்டுங்கப்பா."

"அதை அதுகிட்டச் சொன்னியா?"

அவ்வளவுதான். அடுத்த போகத்துக்கு மறுபடியும் கேரட் போட்டார், காவலுக்கு மாலதியை வைத்தார். அது முழு வண்டியாகப் போனது. சிரித்தவர்கள் வாயை மூடினார்களா என்றால், இல்லை. அவர்களுக்குச் சிரிக்க நான் இருந்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட, தம்பி முறை வந்துருச்சா என்று கேட்டார்கள். அந்த விளையாட்டை நான் அதற்குப் பிறகு தொடவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மேளம் முழங்குகிறது, கையில் தாலியைக் கொடுத்துவிட்டார்கள். கட்டச் சொல்லிவிட்டார்களா, இன்னும் இல்லையா என்று தெரியாமல் நான் கல்லாய் நிற்கிறேன். பொறுத்துப் பார்த்த அப்பா, மேளச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று முழுக் குரலில் கத்தினார். சரியாக அந்த நொடியில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க, தவில்காரரும் கையை நிறுத்தினார்.

"கட்டு கண்ணு, இப்ப உன்ற மொறைதான்!"

கேத்தியிலிருந்து வந்த பஸ் முழுக்கச் சிரித்தது. தாலி கட்டும் படத்தில் நானும் என் மனைவியும் மட்டும் திருதிருவென்று விழிக்கிறோம், சுற்றி இருக்கும் அத்தனை பேரும் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். அப்பாவும்தான். ஃபேக்டரி மூடிய பிறகு அவர் பல் தெரியச் சிரித்த படம் எங்களிடம் அது ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அதைத்தான் பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் எதற்கு இந்தச் சிரிப்பு என்று கேட்கிறார்கள். மாலதி வீட்டில் இருந்தால், நான் வாயைத் திறப்பதற்குள் குழியிலிருந்து ஆரம்பித்துவிடுகிறாள்.