மேனேஜருக்கு அல்சேஷனா, பொமரேனியனா?

மேனேஜருக்கு ஒரு நாய் வேணும். எந்த நாய்னு விசாரிச்சுச் சொல்ல வேண்டியது நான். அவ்வளவுதான் வேலை.

எழுபதுகள்ல, கும்மிடிப்பூண்டில புதுசு புதுசா பாக்டரி வந்துட்டிருந்த நேரம். அதுல ஒண்ணுல நான் குமாஸ்தா. சேர்ந்து ஒரு வருஷம் தாண்டியும் வேலை பர்மனென்ட் ஆகலை. அந்த ஆர்டர்ல கையெழுத்து போட வேண்டியவரே இந்த மேனேஜர்தான்.

"அல்சேஷன் வாங்கறதா, பொமரேனியன் வாங்கறதா? எதுக்குச் செலவு கம்மி, எதுக்கு வியாதி கம்மின்னு தெரியணும். உமக்கு நாயைப் பத்தித் தெரியுமா?"

"நாய்னா எனக்கு அத்துப்படி சார்!"

எவ்வளவு அத்துப்படின்னா, பொறந்ததுலேர்ந்து ஒரு நாயைத் தொட்டதில்லை. எங்களுது திருவள்ளூர்ல கோயில் கைங்கரியம் பண்ற குடும்பம். நாய் மேல பட்டா நேரா கிணத்தடிதான். தலை முழுகாம வாசப்படி தாண்ட முடியாது.

முதல்ல வேப்பம்பட்டு போனேன். அங்க ரிட்டையரான ரயில்வே கார்டு ஒருத்தர் அல்சேஷன் வளத்தார். கேட்டைத் திறந்ததுதான் தாமதம். அது ஓடி வந்து முன்னங்கால் ரெண்டையும் என் தோள்ல வச்சு நெத்தியை ஒரு நக்கு நக்கிச்சு. திருமண்ல பாதி போச்சு!

"பயப்படாத சார், அதுக்கு உன்னப் புடிச்சிப் போச்சு"ன்னார் கார்டு.

"செலவு எப்படிங்க?"

"அத்த ஏன் கேக்கற? நானே ஞாயித்துக்கெழமதான் கறி துன்றேன். இது டெய்லி துன்னுது! பென்சன் வாங்கறது நானு, அனுபவிக்கறது இது."

"வியாதி?"

"வயசானா இடுப்பு உட்டுடும். பின்னங்கால இஸ்துகினு கெடக்கும். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போனா என் இடுப்பும் சேந்து பூடும். பேசாம இன்னா பண்ற, இதையே ஓட்டினு போயிடேன்!"

நாய் எனக்கில்லைன்னு மேனேஜர் விலாசத்தைச் சொல்லிட்டு, தப்பிச்சேன் பொழைச்சேன்னு ரயில் ஏறினேன். எதிர் சீட்டுக்காரர் திருவள்ளூர் வர்ற வரைக்கும் என் பாதி நாமத்தை விட்டுக் கண்ணை எடுக்கலை.

வாசல்லயே என் பொண்டாட்டி மறிச்சா.

"ஏன்னா, நெத்தியில என்ன கோலம் இது?"

"நாய் நக்கிடுத்து."

"ஐயையோ! அங்கேயே நில்லுங்கோ! சுத்திண்டு கிணத்தடிக்குப் போங்கோ!"

ஐப்பசி மாசம். மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டறது.

"மழைல தொப்பமா நனைஞ்சாச்சேடி, அது போறாதா?"

"அது மழை. இது ஸ்நானம்."

மழைல நின்னுண்டு தண்ணி சேந்திக் குளிச்சவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான்.

மறுநாள் பொமரேனியன். பாக்டரிக்குப் பக்கத்துல ஒரு காண்ட்ராக்டர் வீடு. அவர் சம்சாரத்துக்கு ஆந்திரா பக்கம். நான் உக்காந்ததுமே பஞ்சு மூட்டை மாதிரி அந்த நாய் மடியில ஏறிடுச்சு.

"பாலும் பன்னும்தானேம்மா? செலவு கம்மிதானே?"

"துன்றது கம்மிதான் நைனா. டப்பு பூரா டாக்டருக்குத்தான் போவுது. சொறி வருது, பல்லு ஆடுது, கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. வெயில்ன்னா ஒரே பேஜாரு. ஊட்ல இருக்கற ஒரே ஃபேன் இதுக்குத்தான். எங்க ஊட்டுக்காரரு விசிறில வீசிக்கினு படுக்கறாரு!"

அந்தம்மா சொல்லிட்டிருக்கும்போதே என் வேட்டியில சுடச்சுட ஒரு ஈரம்.

"புது ஆளுன்னா அப்படித்தான் நைனா. பாசம்!"

அந்தப் பாசத்துக்காக மறுபடி கிணத்தடி. இந்தத் தடவை வேட்டி, துண்டு, குடை, சாப்பாட்டு டப்பா எல்லாத்துக்கும் ஸ்நானம். விடிஞ்சா எனக்கு நல்ல ஜுரம். கஞ்சியைக் குடிச்சுட்டு, வேலை போயிடுமோன்னு பயந்துண்டே கிடந்தேன்.

ஜுரம் விட்டதும் மேனேஜர் முன்னாடி போய் நின்னேன்.

"சார், அல்சேஷனுக்குக் கறி, இடுப்பு. பொமரேனியனுக்கு டாக்டர், ஃபேன். ரெண்டும் செலவு, ரெண்டும் வியாதி. ஆனா ஜுரம் வந்தது எனக்குத்தான் சார். ரெண்டுமே வேண்டாமே!"

மேனேஜர் உருகிட்டார்.

"சொன்ன வேலைக்காக ஜுரத்தையே வரவழைச்சிருக்கீரே! இப்படி ஒரு ஆளைத்தான்யா தேடிண்டிருந்தேன்."

அங்கேயே ஆர்டர்ல கையெழுத்து போட்டார். சத்தியமா எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"அப்புறம், அந்த வேப்பம்பட்டு கார்டு நேத்து வந்து தன்னோட அல்சேஷனைச் சும்மாவே குடுத்துட்டுப் போனார். விலாசம் நீர்தான் சொன்னீராமே? இங்க பாக்டரில உம்ம ரூம் வாசல்ல கட்டச் சொல்லியிருக்கேன். தீனி, வைத்தியம் எல்லாம் இனிமே உம்ம பொறுப்பு. நாய்தான் உமக்கு அத்துப்படியாச்சே!"

வேலை பர்மனென்ட் ஆச்சு. கிணத்தடி ஸ்நானமும்தான்.