ரெண்டு சுழியா, மூணு சுழியா?

தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் எழுத்துப்பிழை விட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது. கணக்கு வாத்தியார் கூட்டலில் தவறினால் அவசரம் என்பார்கள். தமிழ் மேடம் ஒரு புள்ளியை விட்டால் ஊரே கூடிச் சிரிக்கும். நான் விட்டது ஒரு சுழி. அதுவும் பத்தடி நீள பேனரில்.

ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஒரு பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். (பெயரிலேயே கௌரவம் இருப்பதால் வேறெங்கும் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.) பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, அந்த ஒரு மாதமும் அடுத்த ஒப்பந்தம் வருமா வராதா என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பது. ஆசிரியர் சங்கத்தின் மலைக் கிளைக்கு நான் செயலாளர். உறுப்பினர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே ஆசை, பணி நிரந்தரம்.

அதில் வேதியியல் சாந்தி அக்காவின் ஆசைக்கு மட்டும் அவசரம் இருந்தது. படவேட்டிலிருந்து போளூர் வந்து, அங்கே மலை பஸ் பிடித்துத் தினமும் வருகிறவர். ஓய்வு பெற ஓர் ஆண்டுதான் பாக்கி. அதற்குள் நிரந்தரமானால் பழைய வருடங்களையும் சேர்த்து ஓய்வூதியம் கேட்கலாம் என்பது சங்கத்தின் கணக்கு. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

"ஒரே ஒரு நாளாவது பர்மனென்ட்டா இருந்துட்டு ரிடையராவணும்டி. அந்த ஒரு நாள் எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்பார். சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த மார்கழியில் கட்டடத்தைப் பார்வையிடப் பதிவாளர் வருகிறார் என்று தெரிந்தது. வாசலில் காரை நிறுத்தினால் ஐந்து நிமிடம் கிடைக்கும். மனுவைக் கொடுப்பது, அக்கா தன் அந்த 'ஒரு நாள்' வாக்கியத்தை நேரிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். பேனர் என் பொறுப்பு. தமிழ் மேடம் இருக்கையில் தப்பு வராது என்று எல்லோரும் நம்பினார்கள். அவர்களைவிட நான் அதிகமாக நம்பினேன்.

கல்லூரியில் சிக்னல் கிடையாது. பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். கொட்டுகிற பனியில் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அங்கிருந்து போளூர் பேனர் கடைக்காரரிடம் கத்தினேன்.

"பணி நிரந்தரம் செய், ஓய்வூதியம் வழங்கு. 'வூ' நெடிலுங்க, குறில் போட்டுடாதீங்க."

"சரி மேடம். அந்த மொத... எத்தினி..." என்று லைன் விட்டு விட்டு வந்தது.

எத்தனை பேனர் என்று கேட்கிறார் என நினைத்தேன். வாசலின் இரண்டு பக்கமும் கட்ட வேண்டுமே. "ரெண்டு" என்றேன்.

"ரெண்டா? நல்லா தெரியுமா மேடம்?"

"நான் தமிழ் டீச்சருங்க. ரெண்டுதான்."

பிறகு மாதிரிப் படம் அனுப்பினார். அது திறக்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டேன். (குளிருதுங்க, இன்னா பண்றது.)

பதிவாளர் வரும் அன்று காலை பஸ்ஸில் அக்கா பேனரைச் சுருட்டிக் கட்டியபடி கொண்டுவந்தார். ஒன்றுதான் இருந்தது. ரெண்டு சொன்னேனே என்று கடைக்காரரைத் திட்டுவதற்குள் கார் வளைவில் திரும்பிவிட்டது. அவசரமாக அவிழ்த்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றோம். பேனரைப் பிடிக்கிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

எதிரே புளி மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார் அண்ணாமலை, எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா. எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார்.

"இன்னா மேடம், பனிய நிரந்தரம் பண்ணச் சொல்றீங்க? இருக்குற பனிக்கே எங்க வூட்டு ஆடு ரெண்டு சுருண்டு கெடக்குது."

எனக்குப் புரியவில்லை. அதற்குள் பதிவாளர் இறங்கிவிட்டார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இது என் அதிகாரத்துல வராதும்மா. மேலதான் கேக்கணும்" என்று வானத்தைக் காட்டினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். "இங்க தமிழ் யாரு எடுக்கறாங்க?"

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். கையிலிருந்த பேனர் மூலையும் கூடவே எழுந்தது.

ஐந்து நிமிடமும் பனியிலேயே போய்விட்டது. கடைசியில் மனுவை வாங்கி (அதில் பிழையே இல்லை, சத்தியமாக) டிரைவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சாந்தி அக்கா பேச வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "அந்த 'ணி'க்கு எத்தினி சுழின்னு கேட்டேன் மேடம். நீங்கதான் ரெண்டுன்னீங்க. தமிழ் டீச்சருன்னு வேற சொன்னீங்க. மலைமேல காலேஜாச்சே, சுற்றுலாவுக்கு இன்னாவோ கேக்கறாங்கன்னு நெனச்சுக்கினேன்" என்றார். பேனருக்கான பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த ஆண்டு அக்கா ஓய்வு பெற்றார். நிரந்தரமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. வழியனுப்பு விழாவில் அவர் முன்னால் நின்று அழுதேன்.

"மூணு சுழி போட்டிருந்தா மட்டும் குடுத்திருப்பாங்களா? போடி" என்றார். கொடுத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருப்பார். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நினைவாக அந்தப் பேனரையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையின் கூரைமேல், பதிவாளர் சொன்ன இடத்தைப் பார்த்தபடியே விரிந்து கிடக்கிறது. பனி இறங்கும் காலையில் எல்லாம், "உங்க சங்கத்துக் கோரிக்கை நிறைவேறிடுச்சு, வெளிய வந்து பாரு" என்று என் கணவர் எழுப்புகிறார். மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் வரும் சமயத்தில் அக்கா கூப்பிடுவார். ஹலோ எல்லாம் கிடையாது. "ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்பார். பதினோரு மாதம் என்றால் ரெண்டு. நிரந்தரம் என்றால் மூணு. இந்த ஆண்டும் அதே பாறையில் நின்றுதான் பதில் சொன்னேன்.

"ரெண்டுதான்க்கா."

"நல்லா தெரியுமா?"

"ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான்க்கா சொல்றேன்."

 

"சரி. மூணு வர்ற அன்னிக்கு எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றார் அக்கா. "அந்த ஒரு நாள் எப்படி இருக்குதுன்னு, உன்னாண்ட கேட்டாவது தெரிஞ்சுக்கறேன்."