பன்னீர்ச் செம்போடு உள்ளே போனவள்

கல்யாண மண்டபத்தில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய வேலைகளிலேயே சுலபமானது வாசல் மேசையில் நிற்பது. வருகிறவர் மேல் பன்னீர் தெளிக்க வேண்டும், சந்தனக் கிண்ணத்தை நீட்ட வேண்டும், கற்கண்டுத் தட்டைக் காட்ட வேண்டும், பல் தெரிய "வாங்க" என்று சொல்ல வேண்டும். இதற்குப் படிப்பு தேவையில்லை. படிப்பு இருப்பதுதான் இடைஞ்சலோ என்னவோ, இந்த வேலையைச் செய்யத் தெரியாமல் கோல சிலாங்கூரில் ஒரு கல்யாணத்தையே கிட்டத்தட்ட நிறுத்திப் பார்த்தவள் நான்.

முதலில் அந்தப் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன அல்லவா, அவை ரத்தக் குழாயின் சுவரைத் தாண்டிப் புற்றுநோய்க் கட்டிக்குள் எப்படி நுழைகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. (பல சமயம் நுழைவதில்லை. அதனால்தான் ஆராய்ச்சி.) கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பகல் முழுக்க நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டில் இதை "பவி டாக்டருக்குப் படிக்கிறா" என்று சுருக்கிவிட்டார்கள். அந்த டாக்டர் வேறு, இந்த டாக்டர் வேறு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சபாக்கிலிருந்து ஒரு சித்தி மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டு போன் செய்த அன்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

கோவிந்தன் மாமாவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது, இந்த டாக்டர் பட்டம் என் தலையில் வந்து விடிந்தது. மாமா, அம்மாவின் அண்ணன். எஸ்டேட்டுகளிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஆயுசு முழுக்க ஓட்டியவர். அப்பா இல்லாத என்னை அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவர். பள்ளி நாடகத்தில் நான் மரமாக நின்றபோதுகூட முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மருத்துவமனையில் இரண்டு மருந்தைச் சேர்த்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஒன்று வெள்ளை அணுக்களைத் தட்டி எழுப்புவது. இன்னொன்று கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சீர்படுத்துவது. மாமா முதல் மருந்துக்குத் தலையாட்டினார். இரண்டாவதற்கு முடியவே முடியாது என்றுவிட்டார்.

"கட்டி ஈரல்ல இருக்கு. ரத்தக் குழாய்க்கு என்னாத்துக்கு மருந்து? என் உடம்புல இருக்கிற ஆளுங்களுக்கு என் உடம்புல வழி தெரியாதா?" என்று கேட்டார்.

இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். கடைசியில், திங்கட்கிழமை வந்து முடிவைச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்கு முதல் நாள்தான் மாமா மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். மாமாவின் நோய் மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியும். செரண்டாவிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரில் மற்றவர்களுக்குத் தாலி ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு.

போனிலேயே ஒருமுறை விளக்கிப் பார்த்திருந்தேன். கட்டியில் இருக்கும் ரத்தக் குழாய் கோணல்மாணலாக இருக்கும் மாமா என்று ஆரம்பித்தேன். "அப்ப அதுவும் கெட்டுப்போச்சா?" என்றார். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. மறுநாள் அத்தை கூப்பிட்டு, தயவுசெய்து அவருக்கு இனி எதையும் விளக்காதே என்றார். அம்மா கூப்பிட்டு, நீ சொன்னால்தான் அண்ணன் கேட்பார் என்றார்.

ஞாயிறு காலை. சாலையோரத்தில் இரண்டு டேவான்கள், அதாவது மண்டபங்கள், ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றில் எங்கள் கல்யாணம். பக்கத்து மண்டபத்தில் பழச்சாறு அடிக்கும் பிளெண்டர் விற்பனை. நான் எங்கள் வாசல் மேசையில் செம்பும் கையுமாக நின்றேன். மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்ததும் நாதஸ்வரக்காரர்களுக்கு நான்தான் கை காட்ட வேண்டும். பஸ் இப்போதுதான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். என்னோடு மேசையில் நின்ற பெண்கள் பசியாறப் போய்விட்டார்கள்.

தனியாக நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விறுவிறுவென்று வருவார்கள். பன்னீர் மேலே பட்டதும் நடை தளரும். சந்தனத்துக்குக் குனிவார்கள். உள்ளேயிருந்து கேசரி வாசனை வரும். நின்று, கூட்டத்துக்கு நடுவே உடம்பை ஒடுக்கி, உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் ஆராய்ச்சியே கண் முன்னால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. ரத்தக் குழாய்ச் சுவரிலும் இப்படித்தான் ஆட்கள் நிற்கிறார்கள். ஓடி வரும் அணுவைத் தொட்டு வேகத்தைக் குறைக்கிறார்கள், பிடித்து நிறுத்துகிறார்கள், உள்ளே அனுப்புகிறார்கள். புற்றுநோய்க் கட்டி செய்யும் சூழ்ச்சி, அந்த மேசையில் ஆளில்லாமல் செய்துவிடுவதுதான். இரண்டாவது மருந்து அந்த ஆட்களைத் திரும்ப நிற்க வைக்கப் பார்க்கிறது. இதைச் சொன்னால் மாமாவுக்குப் புரியாமல் போகுமா? சடங்கு தொடங்கிவிட்டால் அவரைத் தனியாகப் பிடிக்க முடியாது, மறுநாள் திங்கள். செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் கற்கண்டுத் தட்டையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். (பொருளை வைத்துக் காட்டினால்தான் மனதில் பதியும் என்பது என் கொள்கை. மேசையில் வேறு பொருள் எதுவும் மிச்சமில்லை என்பதை என் கொள்கை கவனிக்கவில்லை.)

மாமா, கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஓர் அறையில் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ரகசியம் வெளியே போய்விடக் கூடாதே என்று கதவைத் தாழ்போட்டேன். போனை அணைத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பாடத்தை ஆரம்பித்தேன். செம்பின் கழுத்தைத் திருகிக் கழற்றி, இவ்வளவு சின்ன இடுக்கில்தான் அணு உடம்பைச் சப்பையாக்கிக்கொண்டு நுழையும் என்று காட்டினேன். பிறகு திருப்பி மாட்டினேன். மாட்டிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"இப்ப, மேசையில ஆளே இல்லன்னு வைங்க மாமா. வர்றவங்க என்னா செய்வாங்க?"

மாமா என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி, "மெதுவா நடப்பாங்க" என்றார்.

"ஆமா."

"சுத்திமுத்தும் பார்ப்பாங்க."

"அதேதான் மாமா."

"அப்பறம் அப்படியே பக்கத்து டேவானுக்குப் போயிருவாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அணுக்கள் இந்த இடத்தை விட்டுவிட்டு வேறு உறுப்புக்கு ஓடிப்போவதை நான் இன்னும் சொல்லவே இல்லை. மனிதர் தானாகவே பிடித்துவிட்டார். எத்தனை பேருக்கு இப்படி ஒரு மாமா கிடைப்பார் என்று பூரித்துப்போனேன்.

"பட்டு வேட்டி கட்டின பெரியவர் மட்டும் போகல. பஸ் படியிலேயே உக்காந்துட்டார்" என்றார் மாமா.

என் ஆராய்ச்சியில் பட்டு வேட்டி எங்கும் வருவதில்லை. திரும்பி ஜன்னலைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றிருந்தது. எங்கள் வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. அடுத்த வாசலில் பிளெண்டர் கம்பெனிக்காரர் பழச்சாறுத் தட்டை ஏந்திக்கொண்டு, "சிலா மாசோக், சிலா மாசோக்" என்று மலாயில் வாய் நிறைய அழைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு வரிசையாக அங்கே நுழைந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அலங்கரித்த காருக்குள்ளேயே இருந்தார், இறங்கச் சொல்ல ஆளில்லை. பஸ் படியில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கடனைத் திருப்பித் தராதவரைக்கூட மன்னிப்பார், முறையை மறந்தவரை மன்னிக்கமாட்டார் என்று தர்ஷினி முன்பே எச்சரித்திருந்தாள்.

தாழ்ப்பாள் என் அவசரத்தில் சீக்கிரம் திறக்கவில்லை. நான் வெளியே ஓடியபோது அம்மாவும் அத்தையும் செம்பைத் தேடி எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அத்தை பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெரியப்பா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பழச்சாறு விக்கிறவன் எங்கள வாங்கன்னு கூப்பிடுறான். பொண்ணு வீட்டுல கூப்பிட ஒரு ஆளு இல்ல. நாங்க இப்படியே திரும்பிப் போயிரலாமா?"

கல்யாணம் என்னால் நின்றுவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். கைக்கு மட்டும் அதன் வேலை நினைவு வந்தது. "வாங்க" என்று செம்பை ஓங்கி ஒரு ஆட்டு ஆட்டினேன். கழுத்து தனியாகப் பறந்தது. செம்புப் பன்னீர் மொத்தமும் பெரியப்பாவின் தலையிலிருந்து மார்பு வரை இறங்கியது.

வாசலை எட்டிப் பார்த்த நாதஸ்வரக்காரர்கள், நான் கை காட்டுவதாக நினைத்து, மங்களகரமாக வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் மாமா வந்தார். அந்த நாட்களில் அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்கே அவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது வெயிலில் அவ்வளவு தூரம் ஒற்றையாக நடந்து வந்து பெரியப்பாவின் முன்னால் கைகூப்பி நின்றார்.

"தப்பு எங்களதுதான் சம்பந்தி. எனக்கு ஈரல்ல கட்டி. கல்யாணம் முடியட்டும்னு சொல்லாம இருந்தோம். டாக்டர் குடுக்கிற மருந்து வேணாம்னு நான் அடம் புடிச்சேன். எனக்குப் புரிய வைக்கத்தான் இந்தப் புள்ள மேசைய விட்டுட்டு உள்ள வந்துச்சு. வாசல்ல ஆளு இல்லன்னா என்னா ஆவும்னு, இப்ப கண்ணால பார்த்துட்டேன்."

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க உலர்ந்த துணி அவரிடம் எங்கும் இல்லை. கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மாமாவின் கூப்பிய கைகளைப் பிடித்தார்.

"வெயில்ல நிக்காதீங்க சம்பந்தி. உள்ள போயிப் பேசுவோம் லா" என்றார்.

இரண்டு அடி வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தோள் நனையலம்மா. இன்னும் இருக்கா?"

பக்கத்து டேவானிலிருந்து ஆட்களை மீட்டு வருவது தனிப் பாடாக இருந்தது. சிலர் பழச்சாறு முடியும்வரை எழுந்திருக்க மறுத்தார்கள். ஓர் அம்மா பிளெண்டரை வாங்கிக்கொண்டே வந்து, அதை அப்படியே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். முகூர்த்தம் முடியப்போகிறது என்று ஐயர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே தாலி ஏறியது. பெரியப்பா மாமாவின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மேடையில் அட்சதை போட்டார். அத்தை மறுவீட்டு விருந்துவரை என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை நானும் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் இரண்டாவது மருந்தைப் பற்றி முதலிலிருந்து தொடங்கினார். மாமா கையமர்த்தினார்.

"தெரியும் டாக்டர். அது வாசல்ல ஆளு நிறுத்துற மருந்து. போடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எல்லோருக்கும் அந்த மருந்துகள் வேலை செய்வதில்லை. அது தெரிந்தவள் என்பதால், மாமாவுக்கு மருந்து ஏறிய ஒவ்வொரு முறையும் அவரைவிட நான்தான் அதிகம் பயந்தேன். நுண்ணோக்கியில் சுவரோரமாக உருண்டு வந்து நிற்காமல் போகும் ஒவ்வோர் அணுவையும், நில்லு, நில்லு என்று மனதுக்குள் கெஞ்சியிருக்கிறேன். மாமாவோ இரண்டாவது பாட்டிலை நர்ஸ் தொங்கவிட்டதும், "பன்னீர் வந்துருச்சு" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். போனில் மாமாவின் பெயரைப் பார்த்ததும் எடுக்கப் பயந்து, அடித்து ஓயப்போகும் நேரத்தில்தான் எடுத்தேன்.

"கட்டி கொஞ்சம் சின்னதாயிருக்காம். ஆளுங்க உள்ள போயிட்டாங்க போல பவி" என்றார்.

நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், செரண்டா சம்பந்தி வீட்டில் நடந்தாலும், பன்னீர்ச் செம்பு என் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கும். பெரியப்பா என்னைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். அன்றைக்குப் போனில் நான் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு மாமா சொன்னதும், அதை அவரே இரண்டு வீட்டிலும் பரப்பிவிட்டதும்தான் காரணம்:

"அழுவாத. வாசல்ல ஆளு நல்லாத்தான் நிக்கிறாங்க. நீ மட்டும் அந்தப் பக்கம் போயிராத."