மோசமான வருஷத்துக்கு ஒரு பித்தளைத் தகடு

சாஸ்கடூன், கனடா,
கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் டெல்பெர்ட்டுக்கு, உன் தங்கை வெர்னாவைக் கட்டிக்கொண்ட லோர்ன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். விக்டோரியாவில் கடற்கரையோரம் குடை பிடித்து நடக்கிறவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? பிப்ரவரி வந்ததும் உங்கள் ஊரார் எல்லாரும் தோட்டத்தில் இறங்கிப் பூக்களை எண்ணி, அந்தக் கணக்கை ஊருலகத்துக்கு அறிவித்து எங்கள் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்வது இந்த முறையும் உண்டுதானே? நன்றாக எண்ணுங்கள். நாங்கள் அப்போது குளிருக்குத் தப்பிய விரல்களை எண்ணிக்கொண்டிருப்போம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பக்கத்து வீடு காலியாகிறது, புத்தாண்டு வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வீடு எங்களுக்கு வேண்டாம். இதை ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் நீ உடனே தங்கைக்கு போன் போட்டு, "அவன் உன்னை மிரட்டி எழுதினானா?" என்று கேட்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? அதனால் இந்த வருஷம் நான் பட்ட பாட்டை முதலிலிருந்து எழுதுகிறேன்.

போன ஜனவரியில் வெர்னா குப்பையைக் கொட்டிவிட்டு உள்ளே வந்தபோது அவளுடைய இமைகள் இரண்டும் பனியில் ஒட்டிக்கொண்டு கண் திறக்கவில்லை. நான் வெதுவெதுப்பான துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கண்ணை மூடியபடியே நடுக்கூடத்தில் நின்று சொன்னாள்: "லோர்ன், நல்லாக் கேட்டுக்க. இந்த வருஷம் இந்த வானம் இன்னும் ஒரே ஒரு தடவை என்கிட்ட வாலாட்டட்டும், வீட்டை வித்துட்டு அண்ணன் பக்கத்துல போயிடறோம். நீ வந்தா வா, வராட்டிப் போ." நானும், "சரிம்மா, கண்ணைத் திற முதல்ல" என்றேன். அந்த "சரி" என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

மச்சான், எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசில்லை. என் இதயத்தை அறுத்துத் தைத்தபோது எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டு வில்ஃப் ஆஸ்பத்திரிக்கு வந்தான், ஞாபகமிருக்கிறதா? கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மேற்கே மேகம் கூடியதையும் அது நம்மைத் தாண்டிப் போய் ரெஜினாவில் பெய்ததையும் பற்றிப் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். என் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எழுந்து போகும்போது அவன் கண் கலங்கியிருந்தது. இங்கே மனிதர்கள் பேசுவது இப்படித்தான். உங்கள் ஊரில் வருஷம் முழுக்கத் தூறல். எதிரே வருகிறவனிடம் நான் எதைப் பற்றிப் பேசுவேன்?

இது போதாதென்று, இந்த வருஷம்தான் ஐஸ் மேல் கல்லைத் தள்ளி விளையாடும் நம் கர்லிங் கிளப்பின் வானிலைக் கமிட்டிக்கு நான் தலைவன் ஆனேன். வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்ட மறு வாரமே தேர்தல். வரிசையில் எத்தனை காலம் காத்திருந்தேன் என்று உனக்கே தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஊரின் முக்கியமான வானிலை எது என்று டிசம்பரில் ஓட்டெடுத்து, பித்தளைத் தகட்டில் பொறித்து, ஐஸ் தளத்துக்கு மேலே இருக்கும் அந்தப் பெரிய பலகையில் அறைவோம் அல்லவா? கீழே பாதிக்கப்பட்டவர் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் தலைவர் பெயர். அந்தப் பொடி எழுத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் கிளப்பில் நாற்காலி மடித்தேன். ஆக, தலைவன் என்ற முறையில் எனக்கு வானம் இடிந்து விழ வேண்டும். புருஷன் என்ற முறையில் ஒரு துளிகூட விழக் கூடாது. இந்த இரண்டு பேரையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு நான் வருஷத்தைத் தள்ளினேன்.

மே மாதம், செடி வாங்கி நட்ட மறுநாளே பனி கொட்டியது. விடிவதற்கு முன் எழுந்து வாசலை வழித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். "அது என்ன வெள்ளையா?" என்றாள். "பாப்லர் மரத்துப் பஞ்சும்மா, இந்த வருஷம் சீக்கிரமே பறக்குது" என்றேன். "பஞ்சை ஏன் மண்வெட்டியால அள்ளுற?" என்று கேட்டாள். "நெறைய இருக்கே" என்றேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நான் தப்பித்தேன் என்று நினைத்து, கொட்டகைக்குள் போய்க் கமிட்டிக்காக அளவுகோலால் அளந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டேன்.

ஜூலையில் ஆலங்கட்டி. வெர்னா காரை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போயிருந்தாள், அங்கே நிலவறையில் பெண்கள் கூடி ஒட்டுப்போர்வை தைக்கும் நாள். அந்த நிலவறைக்கு ஜன்னலே கிடையாது, கடவுள் இருக்கிறார் என்று நான் அன்றைக்கு நம்பினேன். இடி முழங்கி, கல் கல்லாக விழுந்து, நம் ருபார்ப் செடியின் இலையெல்லாம் கந்தலானது. ஓய்ந்ததும் நான் முட்டி போட்டுத் தோட்டத்தில் தவழ்ந்து இருப்பதிலேயே பெரிய கட்டியைத் தேடி எடுத்தேன். இந்த ஊரில் யார் வீட்டு ஃபிரீஸரில்தான் ஆலங்கட்டி இல்லை? அதை ஒரு பையில் போட்டு, உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைப் பொட்டலங்களுக்கு அடியில் ஒளித்தேன். கந்தல் இலைகளை வெட்டி மறைத்தேன். வெர்னா வந்தாள். காரின் முன் கண்ணாடி முழுக்க விரிசல். அவளே சொன்னாள்: "யாரோ பசங்க சர்ச் வாசல்ல கல்லெறிஞ்சிருப்பாங்க போல." ஆஹா, வலிய வந்த வரம்! "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வளர்ப்பே சரியில்ல" என்று நான் அரை மணி நேரம் பசங்களைத் திட்டினேன்.

ஆகஸ்டில் வடக்கே காடு பற்றி எரிந்து ஊரெல்லாம் புகை. சூரியன் முட்டைக் கரு மாதிரி தொங்கியது. "வில்ஃப் கறி சுடுறான்" என்றேன். "நாலு நாளாவா?" என்றாள். "பெரிய மாடு" என்றேன். அக்டோபரில் அடித்த காற்றில் நம் தோட்டத்துக் கொட்டகை எழுந்து, வேலியைத் தாண்டி வில்ஃப் வீட்டுப் புல்தரையில் போய் உட்கார்ந்தது. காலையில் வெர்னா காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து வெறும் தரையைப் பார்த்தாள். அப்புறம் வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தாள். "வில்ஃப் கேட்டான், குடுத்தேன்" என்றேன். "கொட்டகையை இரவல் குடுத்தியா?" "அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கொருத்தர் இதுகூடச் செய்யலேன்னா எப்படி வெர்னா?" அவள் காப்பியைக் குடித்து முடித்தாள். எவ்வளவு வெகுளி என் மனைவி என்று நெகிழ்ந்துபோனேன்.

போன சனிக்கிழமை கூட்டம். மண்டபம் நிரம்பி வழிந்தது. சமையலறையில் வெர்னாவும் மற்றப் பெண்களும் பெரோகி வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல் எல்லாரும் எழுந்து நிற்க, செயலாளர் ஓல்கா பலகையை முதல் தகட்டிலிருந்து வாசித்தாள். புழுதிப்புயல், ஜூன் பனி, கிளப் கூரை பறந்தது, ஆறு உறையாத வருஷம், ஆறு உருகாத வருஷம். சண்டைகள் முடிந்ததும், அரசாங்கங்கள் கவிழ்ந்ததும், ஊரில் புதுப் பாலம் வந்ததும் பலகைக்குத் தெரியாது. அந்த வருஷங்களுக்கு நேரே எல்லாம் ஆலங்கட்டிதான். எங்கள் கல்யாண வருஷத்துக்கு நேரே "கடும் வறட்சி" என்று வாசித்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதுவும் வழக்கம்தான்.

பிறகு யார் எதை முன்மொழிகிறீர்கள் என்று கேட்டேன். வில்ஃப் துள்ளி எழுந்தான். "அக்டோபர் காத்து! எவன் கொட்டகையோ என் கறி சுடற அடுப்பு மேல வந்து உக்காந்துச்சு. எவன் கொட்டகைன்னு தலைவருக்கே தெரியும்!" ஓல்கா புகை என்றாள், அதில் தன் கிளியின் குரலே மாறிவிட்டது என்றாள். இன்னொருத்தர் மே மாதப் பனியில் வழுக்கி விழுந்து அடிபட்ட தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். ஒவ்வொருத்தரும் தன் கஷ்டம்தான் பெரிய கஷ்டம் என்று மார்தட்டிக்கொள்ள, சமையலறைக் கதவு பாதி திறந்திருப்பதை நான் பார்த்தேன். இதில் எது ஜெயித்தாலும் என் வீடு போச்சு. வேறு வழியில்லாமல் மேஜையைத் தட்டி, "உறுப்பினர்களே, நிதானமா யோசிச்சா, இந்த வருஷம் குறிப்பிடும்படியா ஒண்ணுமே நடக்கலைன்னு நான் முன்மொழியறேன்" என்றேன்.

மச்சான், அந்த மண்டபத்தில் எழுந்த கூச்சலை நீ கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணுமே நடக்கலையா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" "யாருய்யா இவனைத் தலைவராக்கினது?" "விக்டோரியாக்காரன் மாதிரி பேசறான் பாரு!" இந்தக் கடைசி வசவைக் கேட்டுக் கத்தினவர்களே திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு வார்த்தையை இதற்குமுன் யாரும் யாரையும் சொன்னதில்லை.

அப்போதுதான் வெர்னா வந்தாள். ஒரு கையில் நசுங்கிய கேக் டின், இன்னொரு கையில் கிண்ணம், கிண்ணத்தில் நான் ஒளித்துவைத்த ஆலங்கட்டி. "கொஞ்சம் நகருங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு மேடையில் நின்றாள். "ஜூலை மாசம் நான் நிலவறையில இருந்தேன்னு இவர் நெனச்சுக்கிட்டு இருக்கார். இல்ல. சீக்கிரமே கெளம்பிட்டேன். நடுவழியில பிடிச்சுக்கிச்சு. பாலத்துக்கு அடியில ஒதுங்கலாம்னு போனா, அங்க இடமில்ல. ஏன் இடமில்ல? ஒருத்தர் தன் டிரக்கைக் குறுக்கால நிறுத்தி ரெண்டு வண்டி இடத்தை அடைச்சிருந்தார். வில்ஃப், எழுந்து நில்லு!" வில்ஃப் குனிந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்தான். "நான் வெட்டவெளியில, பக்கத்து ஜன்னல் மேல ஏறாத கார்ல, இந்த கேக் டின்னைத் தலையில கவுத்துக்கிட்டு, முன் கண்ணாடி விரிசல் விட விட உக்காந்திருந்தேன். பாருங்க பள்ளத்தை! வீட்டுக்கு வந்து வேலி ஓரமா எட்டிப் பார்த்தா, இவர் தோட்டத்துல திருடன் மாதிரி தவழ்ந்துக்கிட்டிருக்கார்."

"அப்போ பசங்க கல்லெறிஞ்சாங்கன்னு சொன்னியே வெர்னா?" என்றேன்.

"வேற என்னத்தைச் சொல்றது? ஆலங்கட்டின்னு சொன்னா நான் சொன்ன சொல்லுப்படி வீட்டை விக்கணும். அங்க போயி தினமும் அண்ணன் பூ எண்றதைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமா? கோவத்துல ஒரு வார்த்தை சொன்னேன். நீ பஞ்சுன்னே, மாடுன்னே, கொட்டகையை இரவல் குடுத்தேன்னே. நானும் எல்லாத்துக்கும் சரின்னேன். இதுக்கு மேல ஒரு பொம்பள எப்படித்தான் சொல்றது, போக வேண்டாம்னு?"

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. ஒருமனதாக ஜெயித்தாள். "ஆலங்கட்டி. பாதிக்கப்பட்டவர்: வெர்னா." கீழே பொடி எழுத்தில் நான். வீட்டுக்கு வரும் வழியில், "காத்து கொஞ்சம் கொறைஞ்சிருக்கு இல்ல?" என்றாள். "ஆமா" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, மச்சான்.

ஆகவே அந்த வீட்டுக்காரரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடு. உன் குடை நீடூழி வாழட்டும். உன் முழங்கால் வலி தீரட்டும். உன் பூக்கள் போன வருஷத்தைவிட ஒன்று கூடுதலாகவே பூக்கட்டும். வெர்னாவின் அன்பும் இதனுடன்.

என்றும் உன் தங்கை கணவன்,
லோர்ன்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்து கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பனிப்புயல் அடித்தது. உறைந்த ஏரி மேல் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த வில்ஃபை, குடிசையோடு, கையில் பிடித்த தேநீர்க் குவளையோடு, காற்று அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டது. அவசரக் கூட்டம், மறு ஓட்டெடுப்பு. தகடு வில்ஃபுக்குப் போய்விட்டது. "ஒரு குவளைத் தேநீருக்கு இருக்கிற மரியாதை என் தலைக்கு இல்லாத ஊர்ல இனி ஒரு நாளும் இருக்க மாட்டேன்" என்று வெர்னா பெட்டி கட்டிவிட்டாள். இந்த முறை நிஜமாகவே. அந்த வீட்டை யாருக்கும் விட்டுவிடாதே, வந்துகொண்டிருக்கிறோம் என்று நேற்று ராத்திரி எழுதி முடித்தேன்.

இன்று புத்தாண்டுக் காலை, கார் கிளம்பவில்லை. நீ மறந்திருப்பாய், இந்தக் குளிரில் ராத்திரி முழுக்க மின்சார வயரில் மாட்டி இஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் கார் கல்லாகிவிடும். வயர் சுவரிலிருந்து கழன்று பனியில் கிடந்தது. வெர்னா ஒரு மணி நேரமாக வாசலில் நின்று, இமையில் பனி கட்டியபடி, வேலி ஓரம் ஓல்காவிடம் கத்திக்கொண்டிருக்கிறாள்: "எழுதிக்க ஓல்கா! புது வருஷத்துக்கு மொதல் பேரு என்னுது! பெட்டி படுக்கையோட நடுவாசல்ல நிக்கறேன்னு எழுதிக்க!" அவள் முகத்தில் இவ்வளவு களை பார்த்து நாளாயிற்று. பெட்டிகளை நான் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன், அவள் தடுக்கவில்லை. வயர் எப்படிக் கழன்றது என்று ஒரு தடவை கேட்டாள். காற்று என்று சொல்லியிருக்கிறேன். போன் பண்ணிக் கேட்டால் நீயும் காற்று என்றே சொல்.