அழுத பிள்ளைக்கு ஒரு வள்ளல்

கடல்தாண்டி வள்ளல் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். செத்தவரைச் சுற்றி உறவுக்காரர்கள் அழுதுகொண்டிருக்க, கூடத்தின் மறுமூலையில் இன்னொரு கூட்டம் வேறெதற்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், நடுவில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கைமாற்றி விட்டுக்கொண்டிருந்தார். காலில் இரும்புப் பட்டை கட்டிய ஒரு பெண்குழந்தை, கன்னமெல்லாம் கண்ணீர்.

"யாரு இந்த மனுஷன்?" என்றேன் பக்கத்தில் இருந்தவளிடம்.

"தெரியாதா? கடல்தாண்டி வள்ளல். இனிமே பொணத்தை யாரு பாக்கப் போறா?"

அப்புறம் விசாரித்தால் எனக்குச் சொந்தமாகவே வந்து நிற்கிறார். என் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவிக்குச் சித்தப்பா மகன். எனக்கு அத்தான் முறை. ஆகையால் நான் கேலி செய்யலாம், முறை இருக்கிறது.

தர்மம் செய்கிறவர்களில் பல வகை உண்டு. கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறவர் ஒரு வகை. கொடுத்துவிட்டு ராத்தூக்கம் கெடுகிறவர் இன்னொரு வகை. கொடுக்கிறேன் என்று மேடையில் சொல்லிவிட்டு வாசல் வழியாக வராமல் கொல்லை வழியாகப் போகிறவர் மூன்றாவது. நம் கடல்தாண்டி இவர்களில் சேர்த்தியில்லை. இவர் கொடுப்பார், கொடுத்துக்கொண்டே இருப்பார், ஆனால் வாங்குகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டும், கண்ணில் நீர் இருக்கவேண்டும், கைக்கு அடங்குகிற சைஸில் போட்டோவாக இருக்கவேண்டும்.

ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கால் கை விளங்காத பிள்ளைகளும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் இருக்கும் ஒரு வெளிநாட்டு இல்லத்துக்கு, அந்தப் போட்டோக் குழந்தையின் பேரில், மாதம் தவறாமல் அவர் பணம் போகும். கடையில் தீப்பிடித்த மாதம்கூடப் போனது. அதைப் பொய் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவருக்கு மெத்தைக் கடை. கல்லாவுக்கு மேலே, கடிகாரம் மாட்டவேண்டிய இடத்தில், அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். புதுக் குடித்தனம் போகிற ஜோடி இரட்டை மெத்தையை அமுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, கடைசியில் "கொஞ்சம் கொறைச்சுக்குங்களேன்" என்று இழுத்தால், வள்ளல் உடனே வாயைத் திறக்கமாட்டார். ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல மேலே போகும். ஜோடியின் கண்ணும் கூடவே போகும்.

"நான் இதையெல்லாம் வெளியில சொல்றதே இல்ல" என்பார் பெருமூச்சோடு. "உங்களுக்குக் கொறைச்சா, அந்தக் குழந்தைக்குத்தான் கொறையும்."

யார் பேரம் பேசுவார்கள்? மெத்தை தைக்கிற தையல்காரர் கூலி கூட்டிக் கேட்டாலும் அதே விரல், அதே சுவர். "அந்தப் புள்ள என்னைய முழுசா சாப்பிடுது முதலாளி" என்பார் அவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

இல்லத்தார் வருஷாவருஷம் புதுப் போட்டோ அனுப்பத்தான் அனுப்பினார்கள். இரண்டாம் வருஷத்துப் போட்டோவை வள்ளல் உறையிலிருந்து பாதி உருவினார். "பல்லு தெரியுது" என்றார். உள்ளே தள்ளிவிட்டார். அதோடு சரி. சுவரில் அழுத குழந்தை அழுதபடி இருந்தது. பதினாறு வருஷம் போயிற்று. அவர் மகள் படித்து, பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அந்த நாட்டுப் பாஷையும் பேசக் கற்றுக்கொண்டாள். அவர் தலை நரைத்தது. சுவர்க் குழந்தைக்கு மட்டும் ஒரு வயதுகூட ஏறவில்லை.

ஒருநாள் இல்லத்திலிருந்து தகவல் வந்தது: உங்கள் குழந்தை உங்கள் ஊருக்கு வருகிறாள், உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

வள்ளலுக்குத் தரையில் கால் பாவவில்லை. தெருக் கடைக்காரர்களையெல்லாம் அழைத்தார். தையல்காரரைக் கூப்பிட்டு, நல்ல இலவம்பஞ்சில், வாத்துப்படம் போட்ட துணியில், ஒரு சின்ன மெத்தை தைக்கச் சொன்னார்.

"அளவு என்ன முதலாளி?"

"போட்டோதான் இருக்கே. பார்த்துத் தைய்யி."

"ஏங்க, புள்ளைக்கு வயசு ஏறியிருக்காதா?" என்றாள் மனைவி.

"உனக்கு எதுலயும் ஒரு சந்தேகம்" என்றார். குழந்தையைத் தூக்கி மெத்தையில் உட்காரவைப்பது, தான் பக்கத்தில் மண்டியிடுவது, அப்போது கண்ணீர் எந்தக் கண்ணிலிருந்து முதலில் வருவது என்பதுவரை அவர் மனத்துக்குள் பார்த்து முடித்திருந்தார்.

வந்தாள். வாடகைக் காரிலிருந்து ஊன்றுகோல் முதலில் இறங்கியது. அதன் பின்னால் வள்ளலைவிட அரைச் சாண் உயரமாக, தோளில் பையோடு ஒரு வாட்டசாட்டமான பெண் இறங்கினாள். வள்ளல் அவளைத் தாண்டிக் காருக்குள்ளே குனிந்து தேடினார்.

"அப்பா, அங்க யாரும் இல்ல" என்றாள் மகள். "இவங்கதான்."

அந்தப் பெண் இப்போது செயற்கைக்கால் செய்கிற பட்டறையில் வேலை செய்கிறாள். ஒரு பயிற்சிக்காக வந்திருக்கிறாள். கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வள்ளல் விடவில்லை. மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் பேசினார். மகள் திரும்பி அவளிடம் அவள் பாஷையில் இரண்டே வார்த்தை சொன்னாள்.

"இவ்வளவு நேரம் பேசினேன், நீ அவ்வளவுதான் சொன்னியா?"

"வாங்க, உக்காருங்கன்னு சொன்னேன். மிச்சமெல்லாம் உங்களைப் பத்திதாம்ப்பா இருந்துச்சு."

வந்தவள் உட்கார்ந்தாள், நேரே அந்தப் போட்டோவுக்குக் கீழே. நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே ஏதோ சொன்னாள். மகளும் கேட்டுச் சிரித்தாள்.

"என்ன சொல்றா?"

"அன்னைக்கு அவங்க காலுக்காக அழலையாம்ப்பா. போட்டோ பிடிக்க வந்தவர் அவங்க பந்தைப் பிடுங்கி வச்சுக்கிட்டாராம். படம் எடுத்து முடிச்சதும் குடுத்துட்டாராம்."

பதினாறு வருஷத்துப் பெருமூச்சு! ஒரு பந்துக்காக! தையல்காரர் தொண்டையைச் செருமினார். "அப்போ நம்ம கூலிப் பேச்சை மறுபடி தொடங்கலாங்களா முதலாளி?"

அவள் சிரிப்பை நிறுத்தி, பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். பயிற்சிக்கு வந்தவள் கடைக்கு வந்தது இதற்காகத்தான். படத்தில் ஒரு பையன். முதுகு நிற்காது, சாய்ந்துதான் கிடக்கிறான். ஆனால் வாய் கொள்ளாத சிரிப்பு. அவளுக்கு இனிப் பணம் வேண்டாம், அவள் சம்பாதிக்கிறாள்; அந்தப் பணம் இவனுக்கு வரவேண்டும். இல்லத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வள்ளல் அமைந்துவிட்டார், இவன் ஒருவனுக்குத்தான் அமையவில்லை. எப்படிப் படம் பிடித்தாலும் சிரித்துவிடுகிறான். சிரிக்கிற பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்?

வள்ளல் படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இதை மாட்டினால் நாளை வருகிற ஜோடிக்கு எதைக் காட்டி வாயை அடைப்பது? மகளிடம் சாய்ந்து மெல்லக் கேட்டார்: "கொஞ்சம்... வாடின மாதிரி ஒண்ணு இருக்கான்னு கேளேன்."

"நான் கேக்கமாட்டேன்."

கேட்கத் தேவையிருக்கவில்லை. இந்த முகத்தை அந்தப் பெண் எத்தனை தடவை பார்த்திருப்பாள்! அவளாகவே சொன்னாள், மகள் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள்: "இது எல்லாரும் கேக்குறதுதானாம். அவன் அழமாட்டானாம். அவங்க அழவைக்கவும் மாட்டாங்களாம். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற கதவைத் தட்டணுமாம்."

பாவம், அந்த நிமிஷத்தில் அவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தப் போட்டோவும் அவரை அப்படிச் செய்யவைத்ததில்லை. மனைவிதான் முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். சட்டத்தைக் கழற்றினாள். பழைய படத்தை எடுத்துவிட்டுப் பையன் படத்தைச் செருகி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"என்னங்க, ஆணி இதே ஆணிதானே? பிடிங்க."

அவர் பிடித்தார். பிடித்துக்கொண்டே, மூலையில் துணி மூடி வைத்திருந்த வாத்து மெத்தையைக் கண்ணால் காட்டி, "அது ஒண்ணு வீணாப் போச்சு" என்று முனகினார். அந்தப் பெண் எழுந்து போய்த் துணியை விலக்கினாள். ஊன்றுகோலைத் தரையில் வைத்து நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள், கையால் அமுக்கினாள். வேறு யாருக்கோ தைத்தது. பையன் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. சுருட்டிக் கட்டிக் காரில் ஏற்றியாயிற்று.

கதை கேட்டுச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக எந்த உண்டியலில் போட்டீர்கள், எந்தப் படத்தைத் தாண்டிப்போய் எந்தப் படத்துக்கு முன்னால் நின்றீர்கள் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். அழுகிறதாகப் பார்த்துத்தானே பொறுக்கினீர்கள்? எனக்குச் சொல்லவேண்டாம். நானும் அந்தச் சாவு வீட்டில் போட்டோவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தவள்தான்.

வள்ளல் இப்போதும் அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாராவது விலை குறைக்கச் சொன்னால் விரல் பழக்கத்தில் மேலே போகிறது. ஆட்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் குறைத்துக் கொடுக்கிறார். பணம் மாதம் தவறாமல் போகிறது.