மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த மூன்று அங்குலம்

அடுத்தவர் உயரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருபத்திரண்டு வயதுக்காரன் கையில் சிக்கவே கூடாது. என் கையில் சிக்கியது. (குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் கதைதான்.)

யுத்தம் முடிந்த சமயம். பெங்களூர் கண்டோன்மென்டில், கை கால் இழந்த சிப்பாய்களுக்கு மரக்கால் செய்து பொருத்தும் பட்டறையில் எனக்கு வேலை. சேர்ந்து ஆறு மாதம்தான். பேச்சு மட்டும் முப்பது வருட சர்வீஸ். அங்கே வந்து சேர்ந்தார் தாமஸ் மாமா. யுத்தத்துக்கு முன்பே என் அக்கா ரீட்டாவுக்கு நிச்சயமானவர். இப்போது முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் இல்லை, இடது கையும் இல்லை. அக்கா அசையவில்லை. "கட்டினா அவரைத்தான்" என்றுவிட்டாள். அப்பாதான் நிபந்தனை போட்டார்: "மாதா கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் யார் தயவும் இல்லாம நடந்து வரட்டும். அப்புறம் கல்யாணம்."

ஆக, அக்காவின் கல்யாணமே என் உளியை நம்பி நின்றது.

ஒரு கால் போனவருக்கு மிச்சக் கால்தான் அளவு. இரண்டும் போனவருக்கு நாம் வைத்ததுதான் உயரம். எங்கள் கன்னட மேஸ்திரி படித்துப் படித்துச் சொன்னார்: "பழைய உசரத்துக்கு ஒந்து இஞ்சு கம்மி மாடப்பா. குட்டையா இருந்தா கெட்டியா நிப்பாரு." பலமாகத் தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் மாமா என் காதைப் பிடித்து இழுத்தார்.

"டேய் மச்சான், உங்கக்கா என்னைவிட ரெண்டு இஞ்சு உசரம். ஏணி வெச்சுதான் தாலி கட்டணும்னு நம்ம காக்ஸ் டவுன் ஏரியாவே சிரிச்சுது. எப்படியும் புதுசாத்தானே செய்யறே? மூணு இஞ்சு சேத்துப் போடு."

"மேஸ்திரி திட்டுவாரு மாமா."

"மேஸ்திரியா என்கூட போட்டோவுல நிக்கப் போறாரு?"

நியாயமாகத்தான் பட்டது. (எனக்கு அப்போது எல்லாமே நியாயமாகத்தான் படும்.) சேர்த்துவிட்டேன். நடை பழகப் பட்டறையில் போட்டிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா ராஜா மாதிரி நடந்தார்.

கோயிலில் கம்பி கிடையாது என்பது கல்யாணத்தன்றுதான் இந்த மேதைக்கு உறைத்தது. போதாக்குறைக்கு, கோட்டும் பேன்ட்டும் யுத்தத்துக்கு முன்பு தைத்தவை. பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட, நான் வார்னிஷ் அடித்த மரம் ஊருக்கே பளபளத்தது.

வலது கையில் தடியோடு மாமா நடந்தார். பாடகர்கள் பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பீடத்துக்கு இன்னும் நாலே எட்டு. அங்கே இடது பக்கம் சாய்ந்தார். ஊன்ற அந்தப் பக்கம் கையில்லை. தடி ஒரு பக்கம் பறக்க, மாமா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் போய் விழுந்தார், ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வந்த குழந்தை மாதிரி.

நான் தூணுக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன். "மன்னிச்சிக்கோங்க, என்னால நடந்து வர முடியல" என்று மாமா சொன்னது கேட்டது. ஐயோ, அந்தக் குரல்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பீடத்தருகே நின்றிருந்த அக்கா விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"தனியாவே நடக்கறதுன்னா அப்புறம் நான் எதுக்குப்பா?"

அப்பா மாமாவைத் தூக்கி நிறுத்தி, அவர் கையை எடுத்து அக்காவின் தோளில் வைத்தார். மிச்ச நாலு எட்டையும் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். ஒற்றைக் கையால் மாமா தாலியைப் பிடிக்க, அவர் தங்கை முடிச்சுப் போட்டாள்.

திங்கட்கிழமை மேஸ்திரி என்னிடம் ரம்பத்தை நீட்டினார். நான் சேர்த்த மூன்று, அவர் அன்றே குறைக்கச் சொன்ன ஒன்று, ஆக நாலு அங்குலம் அறுத்தேன். அதன்பிறகு மாமா விழுந்ததே இல்லை.

ஆனால் அப்பா விடவில்லை. மாமா வீட்டுக்கு வந்து, அம்மா நாற்காலியை இழுத்துப் போடும்போதெல்லாம் தொடையைத் தட்டுவார்: "நாற்காலி எதுக்கு? மாப்ளே, உங்க எடம் காலியாத்தான் இருக்கு!" அப்பா போனபின் அந்த வசனம் என் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. மாமா வாசலில் தலை காட்டினால் போதும், நாலு வாண்டுகளும் வரிசையாக உட்கார்ந்து தொடையைத் தட்டுகின்றன. மாமா யார் மடியில் உட்காரலாம் என்று நிஜமாகவே யோசிக்கிறார்.